ஒதுக்கீட்டாளர் முகம்

தண்ணீர் வாரியத்தின் பணியாளர் குடியிருப்பில் எல்லா வீட்டுக் குளியலறையிலும் வாஷ்பேசின் உண்டு. பேசினைத் தாங்க வழுவழுப்பான கல்மேடை உண்டு, மேடையில் சோப்பு வைக்க ஒரு குழி உண்டு, மேடைக்கு மேலே வெள்ளைவெளேரென்று சுவர் உண்டு. அந்தச் சுவரில் கண்ணாடி மட்டும் கிடையாது. கட்டிய காலத்தில் எந்த அளவுக் கண்ணாடி மாட்டுவது என்று அதிகாரிகளுக்குள் ஒரு சிறு கருத்து வேறுபாடு வந்ததாம். முடிவு தெரியும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள். அப்போது குடிவந்தவர்கள் பொறுத்திருந்து, ஓய்வு பெற்று, வீட்டைக் காலி செய்துகொண்டும் போய்விட்டார்கள். சுவர் மட்டும் இன்னும் பொறுத்துக்கொண்டிருந்தது.

வாரியம் மாட்டாவிட்டால் என்ன, நாமே மாட்டிக்கொள்வோம் என்று யாரும் நினைத்துவிட முடியாது. குடியிருப்பு விதிகளில் ஆணிக்கென்றே தனி அத்தியாயம் இருந்தது. சுவர் வாரியத்தின் சொத்து. அதில் ஆணி அடிப்பவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதற்குப் பயந்து துணி காயப்போடும் கொடியை ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொக்கிக்கும் இழுத்துக் கட்டிவிட்டு, மழைக்காலம் முழுக்கக் கதவைச் சாத்த முடியாமல் குடும்பம் நடத்தியவர்கள் அங்கே உண்டு.

லிட்டர் இந்த விதிகளுக்கெல்லாம் பழகிய மனிதர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் கணக்கெடுப்பது அவர் வேலை. அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் தேவைப்பட்டது. ஆள் நல்ல உயரம். மீட்டர்கள் தரையோடு தரையாகக் கிடப்பதால் வாழ்நாளில் பாதியைக் குனிந்தே கழித்துவிட்டார். எதிரே மேலதிகாரி வந்தாலும் அந்தக் குனிவு தானாக வந்துவிடும். பார்ப்பவர்கள் பயந்தாங்கொள்ளி என்பார்கள். அவரைக் கேட்டால், "நான் ஒழுங்கா இருக்கறவன்" என்பார்.

அவர் மனைவி ஒருநாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. என்ன இது என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பும் ஒரு பக்கம்தான் வந்தது. இடது கண் மூடவில்லை. ஆஸ்பத்திரியில் முகவாதம் என்றார்கள். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். முகத்துக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த டாக்டரம்மா கண்டிப்பானவர்.

"காலையும் சாயந்திரமும் கண்ணாடி முன்னாடி நிக்கணும். நல்ல வெளிச்சம் வேணும். ரெண்டு கையும் சும்மா இருக்கணும். ஒரு விரலால நல்ல பக்கத்த அடக்கிப் பிடிச்சுக்கங்க, இன்னொரு கையால இடது பக்கத்த மெதுவாத் தூக்கிவிடுங்க. புருவம், கண்ணு, கன்னம், உதடு, எல்லாம் வரிசையா. பாத்துக்கிட்டே செஞ்சாத்தான் முகம் கத்துக்கும். மொதல் சில மாசம்தான் நமக்கு. அப்ப விட்டுட்டு அப்புறம் வந்து எங்கிட்ட அழக்கூடாது."

வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது குளியலறையில் மட்டும்தான். வாயோரம் தண்ணீர் ஒழுகினால் கழுவிக்கொள்ளவும் அதுதான் தோது. ஆனால் வீட்டிலிருந்த ஒரே கண்ணாடி லிட்டர் சவரம் செய்யும் கைக்கண்ணாடி. உள்ளங்கை அகலம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் ஒரு கை போயிற்று. மேடையில் சொம்புமேல் சாய்த்து வைத்தால் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரியும், கன்னத்தை உப்பினால் அதுவும் தெரியாது.

மனைவிக்கு ஒரு தம்பி. படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தான். அக்காவைப் பார்க்க வந்தவன் மறுநாளே ஒரு கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்காமல் போனது. அளவு கிளவு ஒன்றும் பார்க்கவில்லை.

"மாமா, ஸ்டூலப் பிடிங்க" என்றான்.

"டேய், ஆணி அடிச்சா..."

"அக்கா மூஞ்சியப் பாருங்க மாமா."

லிட்டர் பார்த்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வாரியத்துக்காரர் ஒருவர் தெரிந்தே தண்ணீரை வீணாக்கியது அன்றைக்குத்தான் இருக்கும்.

கண்ணாடி வந்த பிறகு அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. கண் மூடத் தொடங்கியது. முன்பெல்லாம் பால் என்று சொன்னால் வெறும் காற்றுதான் வரும், இப்போது பால் பாலாகவே வந்தது. இடது உதட்டோரம் மட்டும் இன்னும் பிடிவாதம் பிடித்தது. "இதே மாதிரி செஞ்சுட்டு வாங்க, உங்க பழைய சிரிப்பு வந்துடும்" என்றார் டாக்டரம்மா. எதற்கும் லேசில் நல்ல வார்த்தை சொல்லாதவர் அவர்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாரியத்துக்குப் புதிய தலைமைப் பொறியாளர் வந்து சேர்ந்தார். வந்த கையோடு ஊழியர்கள் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

"ஒரு வாரியத்தோட தரம் எதுல தெரியும்? தண்ணியிலயா? இல்ல. தண்ணி நம்ம கையில இல்ல, மழையோட கையில இருக்கு. கண்ணாடி நம்ம கையில இருக்கு. போன மாசம் வேறொரு வாரியத்தோட விருந்தினர் விடுதியில தங்கினேன். வாஷ்பேசின் மேல கண்ணாடி. அப்படியே நின்னுட்டேன். நம்ம ஊழியன் முகத்தைக்கூடப் பாக்காம வேலைக்கு வரான், அதனாலதான் மக்கள் அவன் முகத்தைப் பாத்துக் கல்லெறியறாங்க. எல்லா வீட்டுலயும் கண்ணாடி மாட்டப்போறோம். அளவை முடிவு பண்ண ஒரு குழு போடப்போறேன். மாதிரிக்குப் பாக்க, யார் வீட்டுலயாவது பேசின் மேல ஏற்கனவே கண்ணாடி இருக்கா?"

மண்டபம் முழுக்கத் தலைகள் குனிந்தன. இருக்கிற வீடுகள் இன்னும் சில இருந்திருக்கும். அவர்களுக்கெல்லாம் புத்தி இருந்தது. லிட்டரின் கை மட்டும் மேலே போயிற்று.

ஏன் தூக்கினார் என்று பிறகு அவர் தன்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாரியம் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்ததில்லை. முதல் தடவையாக ஒன்று இருந்தது. அவ்வளவுதான். தலைமைப் பொறியாளர் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதும், பக்கத்து வீட்டு டிரைவர் அதைப் பார்த்து வயிறெரிவதும் அவர் மனதில் படமாக ஓடின. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் அப்படி ஏதாவது படம் ஓடியிருக்க வேண்டும்.

"கையை ஏங்க தூக்கினீங்க?" என்றாள் மனைவி.

"பெரிய அதிகாரி நம்ம வீட்டுக்கு வரார். சும்மாவா?"

"ஆணி அடிச்சிருக்கோமே."

"அவரே கண்ணாடி மாட்டணும்ங்கறார். ஆணி அடிக்காம என்ன, பசை போட்டா ஒட்டுவாங்க? பாராட்டப்போறார், நீ பாரு."

அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். தலைமைப் பொறியாளர், கணக்கு அதிகாரி அம்மாள், பராமரிப்புப் பொறியாளர். மூவரும் குளியலறைக்குள் நுழைந்ததும் லிட்டர் இடமில்லாமல் வாசல்படியில் நின்றார். பின்னால் மனைவி டீத் தட்டோடு நின்றாள்.

தலைமைப் பொறியாளர் கண்ணாடியில் தன்னை இடமும் வலமுமாகப் பார்த்தார். மீசையை நீவிக்கொண்டார். "அருமை" என்றார். லிட்டருக்கு உச்சி குளிர்ந்தது. பராமரிப்புப் பொறியாளர் டேப்பை நீட்டி அளந்தார்.

கணக்கு அதிகாரி அம்மாள் மட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பார்த்தார்.

"இது எந்தச் செலவுத் தலைப்புல வாங்கினது?"

"வாரியம் வாங்கலைங்க மேடம். வீட்டுல..."

"சொந்தக் கண்ணாடி. சரி. ஆணி?"

லிட்டரின் முதுகு தானாகக் குனிந்தது.

"ஆணி யார் அடிச்சது?" என்றார் தலைமைப் பொறியாளர். கோபமில்லாமல்தான் கேட்டார். பாராட்டிய அதே வாய்.

"எனக்குத் தெரியாதுங்க சார்" என்றார் லிட்டர். "நான் டூட்டிக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா மாட்டியிருந்தது. இவங்க தம்பி வந்திருந்தான். வீட்டுல இவங்களும் அவனுமாச் சேந்து..."

பின்னால் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. லிட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் ஸ்டூலைப் பிடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிந்திருக்காது.

தலைமைப் பொறியாளர் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார். ஊழியர் அறியாமல் நடந்த தவறு, அதனால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை என்றார். கண்ணாடி மட்டும் விசாரணை முடியும்வரை வாரியத்தின் பாதுகாப்பில் இருக்கும். பராமரிப்புப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார், ஆணிகளைப் பிடுங்கினார், இரண்டு ஓட்டைகளிலும் அரக்கை உருக்கி ஊற்றி வாரிய முத்திரையைக் குத்தினார். குழு அளவை முடிவு செய்யும்வரை பேசின் மேடையில் எந்தக் கண்ணாடியும் நிற்கவோ சாயவோ தொங்கவோ கூடாது. மூவரும் டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

மனைவி டம்ளர்களைக் கழுவி வைத்தாள். "தம்பி கடைக்கு ஏதாவது நோட்டீஸ் போவுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதெல்லாம் போவாது."

"அப்ப சரி."

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் லிட்டர் பதிலுக்குக் கத்தியாவது தன் பாரத்தைக் கொஞ்சம் இறக்கியிருப்பார். அதற்கும் அவள் வழி வைக்கவில்லை.

'முகம் பார்க்கும் கண்ணாடி அளவு நிர்ணயக் குழு' கூடியது. மாதிரி வீட்டுக்காரர் என்ற முறையில் லிட்டரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ச் சுவரோரம் நிற்க வேண்டும். முதல் கூட்டம் முழுக்க அகலத்திலேயே போயிற்று. கண்ணாடி மேடையைவிட அகலமாக இருக்க வேண்டுமா, குறைவாகவா, சமமாகவா?

"சமமா இருக்கக் கூடாது" என்றார் தலைமைப் பொறியாளர். "மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் சமம்னா அப்புறம் மேல எதுக்கு, கீழ எதுக்கு?"

"அகலமா இருந்தா மேடை தாங்கறமாதிரி தெரியாது சார்" என்றார் பராமரிப்புப் பொறியாளர்.

"மேல இருக்கறத யாரும் தாங்க வேண்டாம். பாத்துக்கிட்டு இருந்தாப் போதும். முப்பது வருஷமா நான் அப்படித்தான் இருக்கேன்."

கணக்கு அதிகாரி அம்மாள் தொண்டையைச் செருமினார். "கிரேடு வாரியாப் போயிடலாம் சார். தலைமைப் பொறியாளர் குடியிருப்புன்னா சுவர் முழுக்கக் கண்ணாடி. நிர்வாகப் பிரிவுன்னா இடுப்பு வரைக்கும் தெரியலாம். உதவிப் பொறியாளர்னா தோள் வரைக்கும். மீட்டர் பிரிவுக்கு முகம் மட்டும்."

"கழுத்து?" என்றார் பராமரிப்புப் பொறியாளர்.

"கழுத்து பதவி உயர்வு கிடைச்சப்புறம்."

இது நியாயமாகப் பட்டதால் எல்லாரும் தலையாட்டினார்கள். லிட்டரும் ஆட்டினார். பழக்கம்.

முகம் மட்டும் என்று முடிவானதும் முகத்தை அளக்க வேண்டியதாயிற்று. அடுத்த கூட்டத்தில் லிட்டரை நாற்காலியில் உட்காரவைத்து டேப்பை மோவாயில் வைத்தார்கள். மேலே எதுவரை என்று சந்தேகம் வந்தது. தலைமுடி நிரந்தரமில்லை, கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அம்மாள் சொல்லிவிட்டார். காதுகள் முகத்தின் பகுதியா, இணைப்பா என்று சட்டப் பிரிவுக்கு எழுதிக் கேட்டார்கள். இணைப்பு என்று பதில் வந்தது. லிட்டரின் முகம் நினைத்ததைவிடச் சிறியதாக முடிந்தது.

டேப்பைச் சுருட்டும்போது லிட்டர் எப்படியோ வாயைத் திறந்துவிட்டார். "சார், கண்ணாடி முக்கியமா எனக்கில்லைங்க. வீட்டுல அவங்களுக்குத்தான். என் தோள் உயரம்தான் இருப்பாங்க. அவங்களையும் ஒருதடவை அளந்துட்டா..."

"வீடு யார் பேர்ல ஒதுக்கியிருக்கு?" என்றார் அம்மாள்.

"என் பேர்லதாங்க."

"அப்ப முகமும் உங்களோடதுதான். ஒதுக்கீட்டாளர் முகம். குடும்பத்தார் முகம் வாரியத்தோட பதிவுல இல்ல. அவங்க வேணும்னா உங்க அனுமதியோட பாத்துக்கலாம், ஆட்சேபணை இல்ல."

"அவங்களுக்கு முகவாதங்க மேடம். கண்ணாடியப் பாத்துப் பயிற்சி பண்ணணும்னு டாக்டரம்மா..."

தலைமைப் பொறியாளர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. எழுந்து வந்து லிட்டரின் தோளில் கைவைத்தார்.

"அடடா. முன்னாடியே சொல்லக் கூடாதா? முகம் சரியில்லாத நேரத்துல கண்ணாடி பாக்கறது மனசுக்கு நல்லதில்லப்பா. நான் சொல்றேன், நல்லதுக்குத்தான் அந்தக் கண்ணாடி கழண்டிருக்கு. முதல்ல குணமாகட்டும். அப்புறம் நிதானமாப் பாத்துக்கச் சொல்லு."

லிட்டர் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வாக்கியம். பார்த்தால்தான் குணமாகும் சார். அது நாக்கு நுனிவரை வந்தது.

"சரிங்க சார்" என்றார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தெருமுனையில் மச்சினன் சைக்கிளோடு காத்திருந்தான்.

"மாமா, ஆணியே வேணாம். காலோட ஒரு கண்ணாடி செஞ்சு தரேன். மேடைமேல வெச்சுக்கலாம், யாராவது வந்தா எடுத்துக் கட்டிலுக்கடியில தள்ளிடலாம்."

"எப்ப வேணா சோதனைக்கு வருவாங்கடா. விசாரணை வேற நடக்குது."

"என்ன விசாரணை? நான்தான் அடிச்சேன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே."

லிட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுக்குச் சொல்லல மாமா. நான்தானே அடிச்சேன், சொன்னாச் சொல்லிட்டுப் போங்க. அக்காவுக்காகக் கேக்கறேன்."

"கொஞ்சம் பொறு. அளவு முடிஞ்சாச்சு. இப்ப வந்துடும்."

வந்தது. ஆனால் கண்ணாடி வரவில்லை. முடிவான அளவில் ஓர் அட்டை வந்தது. கண்ணாடி விலையுயர்ந்த பொருள், அளவு தவறிவிட்டால் வீணாகும், அதனால் ஊழியர் குடும்பம் முதலில் அட்டையோடு பழகிப் பார்க்கட்டும் என்று குழு தீர்மானித்திருந்தது. பராமரிப்புப் பொறியாளர் பசை தடவி லிட்டரின் கண் உயரத்தில் அட்டையை ஒட்டினார். தினமும் அதன் முன்னால் நின்று, முகம் அதற்குள் அடங்குவதாக உணர்கிறீர்களா என்று கவனிக்கச் சொன்னார்.

லிட்டர் நின்றார். பழுப்பு அட்டையை உற்றுப் பார்த்தார். அடங்குவதாகத்தான் உணர்ந்தார். பக்கத்து வீட்டு டிரைவரும் கேள்விப்பட்டு வந்து பார்த்துவிட்டு, தன் முகத்துக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாகச் சொன்னார்.

ஒரு காலையில் லிட்டர் பல் துலக்கப் போனபோது மனைவி அட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்து, இரண்டு கை விரல்களையும் கன்னத்தில் வைத்து, உதட்டைக் குவித்துக் குவித்து விட்டாள்.

"என்ன பண்றே?"

"பயிற்சிதான். கண்ணாடி முன்னாடி பண்ணச் சொன்னாங்கல்ல. உங்க ஆபீஸ்ல இதத்தானே கண்ணாடிங்கறாங்க."

அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். சிரிப்பு பழையபடி ஒரு பக்கம்தான் ஏறியது. லிட்டர் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்று தலைமைப் பொறியாளரை நேரில் பார்த்துக் கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தார்.

அலுவலக அறையில் அவர் இல்லை. உள்ளே குளியலறைக் கதவு திறந்திருந்தது. தலைமைப் பொறியாளர் சீப்பும் கையுமாக நின்றார். அவருக்கு எதிரே சுவரில் மச்சினன் கொண்டுவந்த கண்ணாடி தொங்கியது. மூலையில் சட்டம் கொஞ்சம் பெயர்ந்திருந்ததால் அடையாளம் தெரிந்தது.

"வாப்பா, வா" என்றார் கண்ணாடிக்குள் இருந்தபடியே. "மாதிரியை ஆராயாம முடிவெடுக்கக் கூடாதில்ல? தினமும் காலையில நானே ஆராய்ச்சி பண்றேன். நல்ல கண்ணாடி. உன் மச்சினன் கெட்டிக்காரன். சட்டப்படி செஞ்சிருந்தா பாராட்டியிருப்பேன். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லைங்க சார். எப்ப வரும்னு கேக்கலாம்னு..."

"எது?"

"கண்ணாடிங்க சார்."

"வந்துடும், வந்துடும். அவசரப்பட்டு ஒரு முகத்தைக் கெடுத்துடக் கூடாது பாரு."

டாக்டரம்மாவிடம் போகவேண்டிய நாள் வந்தது. அவர் விளக்கை அவள் முகத்துக்கு நேரே திருப்பினார். புருவத்தைத் தூக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், பழைய குறிப்பைப் புரட்டினார், மறுபடி பல்லைக் காட்டச் சொன்னார்.

"பயிற்சிய நிறுத்திட்டீங்களா?"

லிட்டர் நாற்காலி விளிம்புக்கு வந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"சோம்பேறித்தனம் டாக்டர். காலையில வேலை சரியா இருக்கும். விட்டுப்போச்சு."

டாக்டரம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நல்லா வந்துட்டிருந்த முகம்" என்றார். "இனிமே உதட்டோரம் முழுசா வரும்னு நான் சொல்லமாட்டேன். செய்யுங்க. வர்றது வரட்டும்."

வெளியே வந்ததும் லிட்டர், "ஏன் அப்படிச் சொன்ன?" என்றார்.

"வேற என்ன சொல்றது? எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல என் முகம் பதிவுல இல்லைன்னா?"

அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் விட்டுவிட்டு நின்றுகொண்டே வந்தார். உட்கார இடம் இருந்தது.

கடைசியில் கண்ணாடி வந்தது. கூடவே குழு வந்தது, வாரியத்தின் செய்தி மடலுக்குப் படமெடுக்க ஒருவர் வந்தார், வேடிக்கை பார்க்கக் குடியிருப்பே வந்தது. அட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் கண்ணாடியை மாட்டினார்கள். லிட்டரின் முகம் மோவாயிலிருந்து நெற்றிவரை கச்சிதமாக அதற்குள் உட்கார்ந்தது. காதுகள் வெளியே இருந்தன.

தலைமைப் பொறியாளர் கல்மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பேசினார். "இதுக்கு முன்னாடி எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. ஒரு கண்ணாடி அளவைக்கூட அவங்களால முடிவு பண்ண முடியல. ஏன்? அவங்க ஊழியனோட முகத்தைப் பாக்கல. நான் பாத்தேன். டேப் வெச்சுப் பாத்தேன். இந்த ஒரு வீட்டுக்கே இவ்வளவு காலம் ஆச்சுன்னா மத்த வீடுகளுக்கு எவ்வளவு ஆகும்னு எதிரிகள் கேக்கலாம். அவசரப்படமாட்டோம்னு சொல்லிக்கிறேன்."

கைதட்டினார்கள். படமெடுப்பவர், வீட்டு அம்மாவும் கண்ணாடி முன்னால் நின்றால் நன்றாக இருக்கும் என்றார். அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கண்ணாடியில் அவளுடைய தலைவகிடு மட்டும் தெரிந்தது. குதிகாலைத் தூக்கினாள். நெற்றி தெரிந்தது.

"ஒரு ஸ்டூல் போட்டுக்கலாமே" என்றார் தலைமைப் பொறியாளர்.

"ஸ்டூல் அறைகலன் தலைப்பு சார். அதுக்குத் தனிக் குழு" என்றார் அம்மாள்.

"சரி, கண்ணாடி இருக்கட்டும், இப்படித் திரும்பி நில்லுங்கம்மா. சந்தோஷமா ஒரு சிரிப்பு" என்றார் படமெடுப்பவர்.

அவள் சிரித்தாள். படமெடுப்பவர் கேமராவைக் கீழே இறக்கினார்.

"அம்மா, முழுசாச் சிரிங்க" என்றார் தலைமைப் பொறியாளர். "வாரியம் உங்களுக்கு இவ்வளவு செஞ்சிருக்கு. பாதிச் சிரிப்பு சிரிக்கறீங்களே."

அவள் இன்னும் அகலமாகச் சிரிக்கப் பார்த்தாள். வலது பக்கம் காதுவரை போயிற்று. இடது பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அது நோயினால் வரும் நீரா வேறா என்று லிட்டருக்குத் தெரியவில்லை.

"ஊழியரும் திருப்தின்னு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் அம்மாள்.

எல்லாரும் லிட்டரைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

"முகம் நல்லாத் தெரியுதுங்க" என்றார் லிட்டர்.

மறுபடி கைதட்டினார்கள். டீ குடித்தார்கள். கிளம்பினார்கள்.

கூட்டம் படியிறங்கிய கையோடு லிட்டர் டிரைவர் வீட்டுக்குப் போய்ச் சுத்தியலும் ஆணியும் கேட்டு வாங்கிவந்தார். எதற்கு என்று டிரைவர் கேட்டதற்கு, "ஆணி அடிக்க" என்றார். வாசல் கதவைக்கூடச் சாத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேடையில் வைத்தார். மனைவியைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கச் சொல்லி, அவள் நெற்றிக்கு நேரே நகத்தால் கீறிக்கொண்டார். அடித்தார். ஓர் ஆணி வளைந்தது, பிடுங்கிவிட்டு வேறொன்று அடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்து பேசினுக்குள் விழுந்தது. சத்தம் கேட்டு இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கண்ணாடியை மாட்டி, கோணல் பார்த்துச் சரிசெய்து, சட்டைத் துணியால் துடைத்தார்.

"வா" என்றார்.

அவள் வந்து நின்றாள். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. நெற்றி, கண்கள், மூக்கு, வாய், மோவாய், எல்லாம் அதற்குள் அடங்கின. வெகுநாளைக்கப்புறம் தன் முகத்தை முழுதாகப் பார்க்கிறாள். கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கினாள். புருவத்தை ஏற்றினாள், ஏறியது. கண்ணை இறுக்கினாள், மூடியது. கன்னத்தை உப்பினாள். வலது உதட்டோரத்தை விரலால் அடக்கிக்கொண்டு, இடது ஓரத்தை மெல்ல மேலே தள்ளிக் கையை எடுத்தாள். அது இறங்கிவிட்டது. மறுபடி தள்ளினாள். மறுபடி இறங்கியது. அவளும் விடாமல் தள்ளிக்கொண்டேயிருந்தாள்.

லிட்டர் அவளருகே வந்து நின்றார். "என்னை ஏதாவது சொல்லு" என்றார். "வாய்விட்டு நாலு வார்த்தை திட்டிடு."

அவள் கையை இறக்கிக் குழாயைத் திறந்து, உதட்டோரத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியின் இந்த விளிம்பையும் அந்த விளிம்பையும் பார்த்தாள்.

"அளவு சரியாத்தாங்க இருக்கு" என்றாள்.

அவள் குரலில் குத்தல் இல்லை. லிட்டர் சுத்தியலைப் பிடித்தபடி பின்னால் நகர்ந்து, கண்ணாடியில் தன் முகம் விழாத இடமாகப் பார்த்து, அழுக்குத் துணி வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.